நூற்றுக்கு நூறு காட்டிய வருஷம்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதிவிட்டீர்கள். ஒருத்தி பள்ளி வாசலில் விற்ற இலந்தை வடையைப் பற்றி எழுதினாள். இன்னொருத்தி ஆண்டு விழாவில் மீசை ஒட்டிக்கொண்டு ராஜாவாக நடித்ததையும், பாதி வசனத்தில் மீசை கழன்று வாய்க்குள் போனதையும் எழுதினாள். படித்துவிட்டு நானும் சிரித்தேன். பள்ளிக்கு முகப்பில் ஆர்ச் கட்டித் தரப் போகிறீர்கள், திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறீர்கள், அதில் நம் வகுப்பின் நினைவுகள் வரவேண்டும் என்கிறீர்கள். “நீ மட்டும்தான் பாக்கி, சும்மா ஒரு பக்கம் எழுதுடீ” என்று கேட்டவள் நல்ல மனசோடுதான் கேட்டாள். அவளுக்கு மறந்துபோயிருக்கும். முன்னாள் மாணவி என்று என்னை யாரோ குழுவில் சேர்த்ததே எனக்கு ஆச்சரியம்தான். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் சொல்ல வந்தது பத்தாவது காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து பொங்கல் கழிந்த வாரம் வரைக்கும். அந்த வருஷம் ஆரணியில் மழை நின்று பெய்தது. நம் வகுப்பு ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை. எந்த இடத்தில் ஒழுகும் என்று நமக்குத் தெரியும் என்பதால் பெஞ்சுகளை அதற்கேற்றபடி நகர்த்திப் போட்டுக்கொள்வோம். வெள்ளிக்கிழமைதோறும் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகையில் தேய்ப்போம். அந்தப் பச்சை வாடை திங்கட்கிழமை வரை கையில் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே சாயப்பட்டறைக் கால்வாய். அதில் அரக்குச் சிவப்பு ஓடினால் யாரோ கல்யாணப் புடவைக்குச் சாயம் போடுகிறார்கள் என்று பேசிக்கொள்வோம். மழை பெய்தால் எல்லாச் சாயமும் கலந்து சேற்று நிறமாகிவிடும். பாடம் நடக்காத நேரத்தில் பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

கணக்கு பீரியடில்தான் அந்தச் சத்தம் அதிகம் கேட்டது. ஞாபகம் இருக்கிறதா? கணக்கு டீச்சர் நாம் ஒன்பதாவது படிக்கும்போதே மாற்றல் வாங்கிக்கொண்டு வேலூர் போய்விட்டார். அவர் கணவர் அங்கே வேலை பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. டைம்டேபிளில் மட்டும் கணக்கு என்று இருந்தது. மணி அடிப்பார்கள், நாம் கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம், லீடர் எழுந்து நின்று பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவாள், மறுபடி மணி அடிப்பார்கள், புத்தகத்தை உள்ளே வைத்துவிடுவோம். ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும் என்று நான் அழுததற்காக அப்பா மஞ்சள் நிற டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதிலிருந்த காம்பஸ் முள்ளால் பெஞ்சில் என் பெயரைச் செதுக்கினதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்படவில்லை.

வசதி இருந்தவர்கள் ஆண்கள் பள்ளிக் கணக்கு சாரிடம் டியூஷன் போனீர்கள். அதிலும் தப்பில்லை. போக முடிந்தால் நானும் போயிருப்பேன்.

அறிவியலுக்கு ஒரு டீச்சர் இருந்தார். அரசாங்கம் போட்ட டீச்சர் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கைக்காசு கொடுத்து வைத்திருந்த டீச்சர். அதனால் நாம் எல்லோரும் அவரைப் பி.டி.ஏ. டீச்சர் என்றே கூப்பிட்டோம். படவேட்டுப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருவார். மழை நாளில் அவர் உள்ளே வரும்போது புடவையில் கரையிலிருந்து முழங்கால் வரை செம்மண் ஒட்டியிருக்கும், ஒரு கம்பி உடைந்த குடை கையில் சொட்டிக்கொண்டிருக்கும், தலையில் அவர் வீட்டுத் தோட்டத்துக் கனகாம்பரம் வாடாமல் இருக்கும். நமக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்போது அது தெரியவில்லை.

ஒரு நாள் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இதயம் ஒன்றைத் தன் காசில் வாங்கிவந்து, மேஜையில் வாழை இலை விரித்து வைத்து, பிளேடால் நம் கண்முன் அறுத்தார். முன் பெஞ்சில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். “பயப்படாதீங்கடி, உங்களுக்குள்ளயும் இதேதான் அடிச்சுகினு இருக்குது” என்றார். யார் தொட்டுப் பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது நான் போனேன். இதயத்தின் ஓர் அறைக்குள் விரலை விட்டேன். உள்ளே வழுவழுவென்று, குளிர்ந்து, நரம்பு நரம்பாக இருந்தது. “இந்த வால்வுதான் ரத்தத்தைத் திரும்பிப் போகாம பாத்துக்குது” என்றார். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். அப்பா தறிக்குழியில் கால் விட்டபடியே, “இன்னாடி பைத்தியக்காரி?” என்று சிரித்தார்.

காலாண்டில் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கணக்கில் போயிற்று. தலைமையாசிரியை பி.டி.ஏ. டீச்சரையே கணக்கும் எடுக்கச் சொன்னார். டீச்சர் ஒரு தேற்றத்தைப் பலகையில் எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

“இதப் பாருங்கடி, இது எனக்கே வரல. தப்பா சொல்லிக் குடுத்துட்டுப் போறதுக்கு எனக்கு மனசில்ல. நான் கத்துகினு வந்து சொல்றேன்.”

சொன்னபடியே செய்தார். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகாமல் ஆண்கள் பள்ளி சாரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, திங்கட்கிழமை வந்து நமக்கு நடத்தினார். அவருக்கும் அப்போதுதான் புரிந்ததால் எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இயற்கணிதத்தில் கொஞ்சம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஒரு கணக்குக்கு விடை வந்து, அது புத்தகத்தின் பின்பக்க விடையோடு பொருந்திய அன்று, நான் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை பாஸாகியிருப்பேன். ஒருவேளை இல்லை.

அந்த மழையில்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. பாய் விரிக்கவும் தண்ணீர் கொடுக்கவும் பெண்கள் சிலரை நிறுத்தியிருந்தார்கள், நானும் அதில் ஒருத்தி. முன்னால் நாற்காலிகளில் முதலாளிகள். பின்னால் பாயில் நெசவாளிகள். என் அப்பா தூணோரமாக உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் பட்டு முதலாளி. அப்பா அவருக்குத்தான் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார்.

தலைமையாசிரியை எழுந்து பேசினார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, நேரான முதுகு, குரலை உயர்த்தாத பேச்சு. அவரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. அன்று அவர் பேசியது ஒவ்வொன்றும் உண்மை.

“இந்த ஊர்ல பத்தாவது முடிச்ச பொண்ணு அப்புறம் எங்க போறா? ஆம்பளப் பசங்க படிக்கிற ஸ்கூலுக்கு அனுப்ப உங்க யாருக்கும் மனசு வரல. தறிக்குப் போறா, இல்லன்னா கல்யாணம். நம்ம ஸ்கூலுக்கு ப்ளஸ் டூ கொண்டு வரணும். அதுக்கு நாமளே ரெண்டு வகுப்பறை கட்டிக் காட்டணும். பத்தாவதுல ரிசல்ட்டும் காட்டணும். இந்த வருஷம் விட்டா திரும்ப எப்போ கேப்பாங்கன்னு தெரியாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது சுவரோரம் நின்றிருந்த பி.டி.ஏ. டீச்சர் கையைத் தூக்கினார். நாம் வகுப்பில் தூக்குவது போலவே.

“சங்கத்துப் பணத்துல மொதல்ல ஒரு கணக்கு டீச்சர வைக்கலாங்களா? மார்ச் வரைக்கும் வச்சா போதும். பசங்க படிப்பாங்க. படிச்சா ரிசல்ட்டு தானா வரும். கட்டடத்த அடுத்த வருஷம் கட்டிக்கலாம்.”

பாயில் இருந்தவர்களில் சிலர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தலைவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“டீச்சர், சம்பளம் குடுத்தா மாசக் கடைசியில போச்சு. கட்டடம் கட்டினா நிக்கும். நாளைக்கு மேலேந்து ஆபீசர் வந்து நீங்க இன்னா செஞ்சீங்கன்னு கேட்டா, இதோன்னு கை காட்டலாம். பசங்க தலைக்குள்ள இருக்கிற கணக்க எங்கேந்துமா எடுத்துக் காட்டறது?”

நாற்காலிகள் சிரித்தன. பிறகு பாயும் சிரித்தது. யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். என் அப்பாவும் தட்டினார். முதலாளி சொன்னது அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அதைத் திரும்பச் சொன்னார்: “கட்டடம் கட்டினா நிக்கும்னாரு. எப்படிச் சொன்னாரு பாத்தியா!”

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே நின்றோம். கதவு சாத்தியிருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. டீச்சர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் அழுத அடையாளம் இல்லை. குடையை மறந்துவிட்டு நடந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் கணக்குக்குப் போகவில்லை. கணக்கு பீரியடில் வருவார், கேள்விகளைப் பலகையில் எழுதிப் போடுவார், டியூஷன் போகிறவர்களைப் போடச் சொல்லுவார், மற்றவர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுவார். அரையாண்டு வந்தது. அதன் பிறகு ஸ்பெஷல் டெஸ்ட் என்று கணக்கில் மட்டும் ஒன்று வைத்தார்கள். அது எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. விடைத்தாளைக் கொடுக்கும்போது டீச்சர் என் தாளை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

பொங்கல் முடிந்து, தெருவில் கரும்புச் சக்கை காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு டீச்சர் வருவது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அப்பா தறிக்குழியிலிருந்து கையை ஊன்றி ஏறினார். சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டார். “வாங்க டீச்சர், வாங்க. இன்னாங்க இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.” அம்மா உள்ளே ஓடி வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். “ஜல்தி போய் ஒரு கலர் வாங்கிகினு வா” என்று என் தங்கையைக் கடைக்குத் துரத்தினார் அப்பா. டீச்சர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கலர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதி குடித்தார்.

“உங்க பொண்ணு இந்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டுங்க” என்றார்.

“பிரைவேட்டாவா?” என்றார் அப்பா.

“ஆமாங்க. தனியா.”

“இவளுக்கு மட்டுங்களா?”

“இன்னும் கொஞ்சம் பொண்ணுங்களும் இருக்காங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் நம் ஊரில் டை கட்டிக்கொண்டு போகிற இங்கிலீஷ் பள்ளி ஒன்று திறந்திருந்தது. பிரைவேட் ஸ்கூல் என்றுதான் அதைச் சொல்வார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அங்கே போனார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் அவ்வளவுதான் தெரியும்.

“நீங்க பாத்து செஞ்சா சரிதாங்க டீச்சர். எங்களுக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு டீச்சர் நீட்டிய தாளில் அவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். தன் கையெழுத்தின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. நிதானமாக, கடைசி எழுத்துக்குச் சுழி வைத்துப் போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தேன். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார், எழுந்தார், அம்மா கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டார், போனார். அம்மா மீதிக் கலரைத் தங்கைக்குக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே அப்பா தெருவில் சொல்லிவிட்டார். எதிர்வீடு, சாயக்காரர் வீடு, டீக்கடை. “நம்ம பொண்ண பிரைவேட்டா எழுத எடுத்திருக்காங்க. டீச்சரே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க.” கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் போலவே எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் நான் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். நீங்கள் எல்லோரும் பிரேயருக்கு வரிசையில் நின்றிருந்தீர்கள். நான் என் இடத்தில் போய் நின்றேன். தலைமையாசிரியை மேடையிலிருந்து இறங்கி வந்தார். திட்டவில்லை. என் தலையில் கை வைத்தார்.

“நீ இங்க நிக்கக் கூடாதுமா. உன் பேர எடுத்தாச்சு. வீட்டுக்குப் போய் நல்லாப் படி.”

அவர் கையில் சந்தன சோப்பு வாசனை. அந்தக் கை என் தலையில் கொஞ்ச நேரம் இருந்தது, அன்போடுதான் இருந்தது. பிறகு அதே கையால் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து என்னை வெளியே நகர்த்தினார். வரிசை உடனே நெருங்கி அந்த இடத்தை மூடிக்கொண்டது. நான் கேட்டைத் தாண்டும்போது தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பித்தது. அதைப் பாடும்போது நடக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தந்திருந்தார்களே, அதனால் கேட்டுக்கு வெளியே நின்று, முடிந்த பிறகு நடந்தேன்.

அன்றுதான் அம்மா அப்பாவிடம் அழுதபடி கேட்டாள், பிரைவேட் என்றால் என்ன என்று. அப்பா என்னைப் பார்த்தார். பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு வெளியாளாகத் தனியே பரீட்சை எழுதுவது, அது பள்ளி ரிசல்ட்டில் சேராது என்று நான் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைச் சந்தைப் பக்கம் இருந்த டுடோரியலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த சார் எங்களை உட்காரக் கூடச் சொல்லவில்லை.

“இன்னாங்க நீங்க, இப்ப வந்து நின்னுகினு? தனியா எழுதறவங்க பணம் கட்டற தேதி பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சே. இனிமே அக்டோபர்தான்.”

“டீச்சர் இந்த வருஷமே எழுதலாம்னு சொன்னாங்களே சார்.”

“யாரு சொன்னாங்களோ அவங்களையே போய்க் கேளுங்க.”

அப்பா போனார். அடுத்த நாள் தறி வேலையை நிறுத்திவிட்டுப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தார். நான் வீட்டு வாசலில் காத்திருந்தேன். என் அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் அவர் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அவர் திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அந்தம்மா சொல்றதும் ஒரு நியாயந்தான்மா” என்றார். “நீ ஒருத்தி பெயிலானா இந்த ஊர்ப் பொண்ணுங்க எல்லாத்துக்கும் ப்ளஸ் டூ வராம போயிடுமாம். உன் தங்கச்சி படிக்க வேணாமான்னு கேட்டாங்க. இன்னா சொல்றது?”

“நான் பெயிலாவேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா தறிக்குழியில் இறங்கினார். கரை போட இன்னொரு கை இருந்தால் புடவை தறியிலிருந்து சீக்கிரம் இறங்கும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலிருந்து அந்தக் கை நான் ஆனேன்.

ரிசல்ட் வந்தது. உங்களுக்குத் தெரியும். பரீட்சை எழுதின எல்லோரும் பாஸ். நூற்றுக்கு நூறு. பேண்டு வைத்து ஊர்வலம் போனீர்கள். முன்னால் தலைமையாசிரியையும் தலைவரும் மாலையோடு ஜீப்பில், பின்னால் நீங்கள், எல்லோருக்கும் கடைசியில் பி.டி.ஏ. டீச்சர் நடந்து வந்தார். எங்கள் தெருவுக்குள் பேண்டுச் சத்தம் வந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான் வாசலில் நின்றேன். உங்களில் ஒருத்தி வரிசையை விட்டு ஓடிவந்து என் கையில் ஒரு லட்டை வைத்தாள். “நம்ம ஸ்கூல் நூத்துக்கு நூறுடீ!” என்றாள். நம்ம என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் சந்தோஷம். இந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள். அவள் பெயரை எழுத மாட்டேன். லட்டில் பச்சைக் கற்பூரம் போட்டிருந்தார்கள். நான் அதைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

டீச்சர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்தபடி போனார்.

ஊர்வலம் முனையைத் தாண்டியதும் சாயக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, “உன் பொண்ணு பிரைவேட்ல எவ்ளோ மார்க்கு?” என்று கேட்டார். கேலிக்குக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அப்பா கேட்காதவர் போல உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்த டீக்கடைக்கு அவர் போகவே இல்லை.

அக்டோபரில் வேலூரில் நான் எழுதினேன். எல்லாவற்றிலும் பாஸ், அறிவியலில் நல்ல மார்க்கு. கணக்கில் போயிற்று. யாரும் நடத்தாத கணக்கு, வேறு என்ன ஆகும்? ‘பாத்தியா, நிறுத்தினது சரிதானே’ என்று உங்களில் சிலர் இப்போது நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியையும் அப்படித்தான் சொன்னாராம்.

அடுத்த வருஷம் ப்ளஸ் டூ வந்தது. புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். விழாவில் தலைமையாசிரியைக்குப் போர்த்த ஒரு பட்டுப் புடவை வேண்டும் என்று தலைவர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அப்பாவும் நானும் நெய்தோம். மோசமாக நெய்துவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதோடு சரி. குறை இருந்தால் கூலியில்தான் பிடிப்பார்கள்.

புது வகுப்புகளுக்கு எல்லாப் பாடத்துக்கும் அரசாங்கமே ஆள் போட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நம் டீச்சருக்கு முன்னாலேயே பதிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கூடவே பத்தாவதுக்கு அறிவியலுக்கும் கணக்குக்கும் நிரந்தர டீச்சர்கள் வந்துவிட்டதால் சங்கத்துக்கு இனி பி.டி.ஏ. டீச்சர் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனவர் திங்கட்கிழமை வரவில்லை என்று தங்கை வந்து சொன்னாள். அவருக்கு யாரும் லட்டு கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் அன்று சந்தோஷப்பட்டேன்.

தங்கை அந்தக் கட்டடத்தில்தான் ப்ளஸ் டூ முடித்தாள், நர்ஸ் ஆனாள். என் மகளும் அங்கேதான் படித்தாள். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்கள் அந்த வாசல் வழியாகக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். கட்டடம் நிற்கிறது. தலைவர் சொன்னது பலித்தது. இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அதனால் சொல்கிறேன்.

மகள் ப்ளஸ் டூ படித்த வருஷம், ஆடி வெள்ளியில் படவேடு போனோம். கூட்டம் கலைந்து, வேப்ப மரத்தடியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். நரைத்த தலையில் கனகாம்பரம். நான் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. மகள் கையிலிருந்த பள்ளிப் பெயர் போட்ட பையைப் பார்த்து அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

“ஆரணி கேர்ள்ஸ் ஸ்கூலா நீ? நான் அங்க வேல பாத்தவதான். கணக்குக்கு வாத்தியாரே இல்லாத வருஷம், பத்தாவதுல நூத்துக்கு நூறு காட்டினேன். கேட்டுப் பாரு, இன்னும் சொல்வாங்க.”

மகள் மரியாதையாகச் சிரித்தாள். அவளைத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி அனுப்பினேன். அவள் நகர்ந்ததும் சொன்னேன்.

“டீச்சர், அந்த வருஷம் நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க.”

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. என் முகத்தையே தேடித் தேடிப் பார்த்தார்.

“நீ எந்தப் பொண்ணும்மா? நான் நெறைய வீட்டுக்குப் போனேனே.”

நான் சொன்னேன். தெருவைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. வந்தது போல நடிக்கவும் இல்லை. அந்த ஒன்றுக்காக அவரை மதித்தேன்.

“போஸ்டிங் வந்தா மொத பேரு உன்னோடதுதான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்னாங்க” என்றார். “எனக்குக் கீழ ரெண்டு தம்பிங்க. அப்பா கெடையாது. எனக்கு வேற இன்னா தெரியும் சொல்லு. இப்பவும் ஒரு சின்ன நர்சரி ஸ்கூல்லதான் இருக்கேன்.”

“அது போவட்டும் டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பணம் கட்டற தேதி முடிஞ்சு போச்சுன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார்.

“தெரியும். தேதி முடியட்டும், அப்புறம் போன்னுதான் அந்தம்மா அனுப்பினாங்க. நீங்கள்லாம் தனியா எழுதி பாஸ் பண்ணிட்டீங்கன்னா, பாஸ் ஆவற பொண்ணுங்கள எதுக்கு நிறுத்தினீங்கன்னு கேள்வி வருமில்ல? அதுக்குதான்.”

பஸ் வந்துவிட்டது. மகள் பாட்டிலோடு ஓடிவந்தாள். நான் எழுந்தேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் நிற்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வண்டி திரும்பும்போது மரத்தடியில் அவர் இருந்த இடத்தை என் மகள் எட்டிப் பார்த்தாள்.

“யாரும்மா அவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“எங்க டீச்சர்.”

“நல்லா நடத்துவாங்களா?”

“பாடம் நல்லா நடத்துவாங்க” என்றேன்.